கிரெடிட் கார்டு கட்ட முடியாதபோது: ஹார்ட்ஷிப் திட்டமா, செட்டில்மெண்டா, திவாலா? ஸ்கோருக்கு எது குறைந்த சேதம்

அமெரிக்காவில் திடீரென்று வருமானம் நின்றுபோனால் பெரும்பாலோர் வாடகை, கார் லோன், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் முதலில் பார்ப்பார்கள். கிரெடிட் கார்டு பில் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அந்த வரிசை சரிதான். கார்டுக்குக் கட்டப் பணமில்லை என்று தெரிந்த பிறகும் பேங்கிடம் வாய் திறக்காமல் இருப்பதில்தான் தவறு நடக்கிறது. "நிலைமையைச் சொன்னால் கார்டை மூடிவிடுவார்கள், ஸ்கோர் விழுந்துவிடும்" என்ற பயம்தான் காரணம். பயத்தில் ஒரு பாதி உண்மை. கார்டை மூடத்தான் செய்வார்கள், பல நேரம். ஆனால் அதனால் ஸ்கோருக்கு வரும் அடியும், பேசாமல் இருந்து மூன்று தவணை தவறினால் வரும் அடியும் ஒன்றல்ல. முதலாவது சில மாதங்களில் சரியாகிவிடக்கூடியது. இரண்டாவது ஏழு ஆண்டுகள் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், உட்கார்ந்திருக்கும்.

பேங்கிடம் சலுகை கேட்கும் ஹார்ட்ஷிப் திட்டம், கடனில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடிக்கும் செட்டில்மெண்ட், திவால் என்று எந்த வழியைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது உண்டாக்கும் சேதம் எவ்வளவு நாளில் ஆறும்? "ஸ்கோர் எத்தனை புள்ளி குறையும்" என்று கேட்டால் யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் ரிப்போர்ட்டும் வேறு. எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கோ தெளிவான பதில் உண்டு.

ஸ்கோர் எதைப் பார்க்கிறது

கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பார்க்கும் ஃபைகோ ஸ்கோர் 300-லிருந்து 850 வரை. அதில் 35 சதவீதம் தவணையை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கு. 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு. 15 சதவீதம் கணக்குகளின் வயதுக்கு. புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10. ஹார்ட்ஷிப் பற்றிய பேச்சில் முதல் இரண்டும்தான் முக்கியம்.

தேதி தாண்டி ஒரு நாள் ஆனாலே பேங்க் லேட் ஃபீ போடலாம். ஆனால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பீரோக்களுக்கும் (கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள்) தாமதம் என்று போவது 30 நாள் முழுதாகக் கடந்த பிறகுதான். அப்புறம் 60 நாள், 90 நாள் என்று ஒவ்வொரு படியும் தனித்தனியாக ஏறும். 60 நாள் தாண்டினால் பழைய பாக்கிக்கும் சேர்த்துத் தண்டனை வட்டி போட பேங்குக்குச் சட்டப்படி வழி திறக்கிறது. 180 நாளில் கணக்கை சார்ஜ் ஆஃப் செய்கிறார்கள், அதாவது இனி வராத கடன் என்று தங்கள் கணக்கில் நஷ்டமாக எழுதிவிடுகிறார்கள். கடன் அதோடு போய்விடாது; பெரும்பாலும் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போகும். இந்தப் பதிவுகள் எல்லாம் முதல் தவறிய தேதியிலிருந்து ஏழு ஆண்டு நிற்கும்.

பாக்கி விகிதத்தின் கதை வேறு. லிமிட்டில் எத்தனை சதவீதம் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்ற கணக்கு அது. இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான ஃபைகோ பதிப்புகள் அந்த மாதத்து எண்ணை மட்டும் பார்க்கின்றன; போன வருடம் 90 சதவீதம் இருந்ததா என்று கேட்பதில்லை. பாக்கி குறையக் குறைய ஸ்கோர் தானாக மேலே வரும். புதிய ஃபைகோ 10டி போன்ற பதிப்புகள் கடந்த 24 மாதப் போக்கையும் பார்க்கும் என்பது உண்மைதான். அவற்றிலும் குறைந்துகொண்டே வரும் பாக்கி நல்ல அறிகுறியாகவே எண்ணப்படும்.

ஆக, தவணை தவறுவது ஆழமான வெட்டு. விகிதம் ஏறுவது மேலோட்டமான கீறல். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒப்பீடு முழுக்க எளிதாகிவிடும்.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே எவ்வளவு நல்ல கடன் வரலாறு இருந்தாலும் இங்கே வந்து சேராது. நான்கைந்து ஆண்டு வரலாறும் இரண்டு மூன்று கார்டும்தான் மொத்தச் சொத்து. இப்படி மெலிந்த ரிப்போர்ட்டில் ஒரு 30 நாள் தாமதம் விழுந்தால், அதை அமுக்கிக் காட்ட வேறு நல்ல பதிவுகள் அதிகம் இருக்காது.

ஹார்ட்ஷிப் திட்டம் என்றால் என்ன

வேலை போய்விட்டது, உடம்பு சரியில்லை, விவாகரத்து, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் கட்ட முடியவில்லை என்று நீங்கள் சொல்லும்போது பேங்க் தன் நிபந்தனைகளைத் தளர்த்தித் தருவதுதான் ஹார்ட்ஷிப் திட்டம். பெரும்பாலும் விளம்பரப்படுத்த மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். வட்டியைக் குறைப்பது, லேட் ஃபீயைத் தள்ளுபடி செய்வது, மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை வைப்பது, இவைதான் சலுகைகள். பதிலுக்கு, திட்டம் முடியும்வரை அந்தக் கார்டைத் தேய்க்க முடியாது. சில பேங்க் தற்காலிகமாக முடக்கும், சில நிரந்தரமாக மூடிவிடும்.

இரண்டு வகை உண்டு. ஒன்று ஆறு மாதம், ஒரு வருடம் என்ற குறுகிய காலச் சலுகை. முடிந்ததும் பழைய வட்டி திரும்பிவிடும். இன்னொன்று கடனை முழுதாக அடைத்து முடிக்கும் நீண்டகாலத் திட்டம். 2003-ல் பேங்க் கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படிப்பட்ட திட்டங்கள் பொதுவாக 60 மாதத்துக்குள் கடன் தீரும்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களால் மாதம் கட்ட முடிந்த தொகை சிறியது, கடன் 60 மாதத்தில் தீரவும் வேண்டும் என்றால், பேங்க் வட்டியைக் கணிசமாக இறக்காமல் கணக்கு சரிவராது. நீண்டகாலத் திட்டத்தில் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பும் உண்டு. திட்டம் முடிந்த பிறகோ, நடுவில் நீங்கள் தவறி அது முறிந்த பிறகோ, பேங்க் வட்டியை ஏற்றலாம். ஆனால் அந்தப் பாக்கிக்குத் திட்டத்துக்கு முன்பு இருந்த வட்டியைத் தாண்டி ஏற்றக் கூடாது என்பது கூட்டரசு விதி. திட்டத்தின் நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. போனில் பேசி முடித்தாலும் பின்னால் எழுத்து வரவேண்டும்.

இதன் பலனை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 6,000 டாலர் பாக்கி, வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், மாதம் 150 டாலர்தான் கட்ட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வட்டி மட்டும் 120 டாலர். அசலில் கழிவது வெறும் 30. இப்படியே போனால் கடன் தீர 81 மாதத்துக்கு மேல் ஆகும். மொத்தம் ஏறக்குறைய 12,200 டாலர் கட்டியிருப்பீர்கள். அதே 150 டாலரை 6 சதவீத வட்டியில் கட்டினால் 45 மாதத்தில் முடிந்துவிடும். மொத்தம் சுமார் 6,700. ஒரு போன் பேச்சில் 5,500 டாலர் மிச்சம். ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் உண்மையில் என்ன விழுகிறது

திட்டத்தில் சேர்ந்ததற்காக மட்டும் ஃபைகோ புள்ளியைக் குறைப்பதில்லை. பாதிப்பு மூன்று வழியாக வருகிறது. மூன்றையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டால்தான் பேங்கில் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

முதலாவது, கணக்கின் நிலை. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பாக்கி ஏதும் தவறாத நிலையில், அதாவது கணக்கு கரண்ட் ஆக இருக்கும்போதே திட்டத்தில் சேர்ந்து, பேங்க் உங்கள் புதிய மினிமம் தொகையையே அதிகாரபூர்வத் தவணையாக ஏற்றுக்கொண்டால், அந்தத் தொகையைக் கட்டும்வரை கணக்கு கரண்ட் என்றே பீரோவுக்குப் போகும். ஆனால் சில ஏற்பாடுகளில் பேங்க் குறைந்த தொகையை வாங்கிக்கொள்ளுமே தவிர, பழைய மினிமத்தை மாற்றாது. அப்போது நீங்கள் சொன்ன சொல்படி மாதாமாதம் கட்டியும் ரிப்போர்ட்டில் தாமதம் என்று ஏறிக்கொண்டே போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். "மாதம் 150 கட்டுங்கள் போதும்" என்ற வார்த்தையில் இரண்டும் அடங்கும். வித்தியாசம் தெரிய ஒரே வழி, நேராகக் கேட்பது.

ஏற்கெனவே இரண்டு தவணை தவறிய பிறகு சேர்ந்தால்? அந்தத் தாமதம் அப்படியே தொங்கும். திட்டத்தில் சேர்ந்த மாத்திரத்தில் அது கரண்ட் ஆகாது. இங்கேதான் ரீ-ஏஜிங் என்ற ஏற்பாடு வருகிறது. தவறிய தொகை முழுவதும் கட்டப்படாவிட்டாலும், பேங்க் கணக்கைக் கரண்ட் என்று மாற்றி எழுதுவதுதான் அது. பேங்குகளுக்கான 2000-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, கணக்கு திறந்து குறைந்தது ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும், நீங்கள் தொடர்ந்து மூன்று தவணை அல்லது அதற்கு ஈடான தொகை கட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறை, ஐந்து ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் பொதுவாகச் செய்யக் கூடாது. இது பேங்கின் விருப்பம். உங்கள் உரிமை அல்ல. ஆனால் கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கிடைத்தாலும் முன்பு விழுந்த 30 நாள், 60 நாள் பதிவுகள் அழியாது. புதிதாக மேலும் ஏறுவது நிற்கும். அதுவே பெரிய நிம்மதி.

இரண்டாவது, குறிப்பு. கணக்கின் பக்கத்தில் சிறு குறிப்பு ஒன்றைப் பேங்க் சேர்க்கலாம்: பகுதித் தொகை ஒப்பந்தத்தில் கட்டுகிறார், கடன் ஆலோசனை அமைப்பு மூலம் கட்டுகிறார் என்பது போல. ஆலோசனை அமைப்பு மூலம் கட்டுகிறார் என்ற குறிப்பை ஃபைகோ கணக்கில் எடுப்பதில்லை. பகுதித் தொகை ஒப்பந்தம் என்ற குறிப்பு அவ்வளவு தீங்கற்றது என்று சொல்லமாட்டேன். தவிர, வீட்டுக் கடன் அதிகாரி ஒருவர் ரிப்போர்ட்டைக் கண்ணால் படிக்கும்போது எந்தக் குறிப்பும் அவர் கண்ணில் படும். எந்தக் குறிப்பைப் போடுவார்கள், திட்டம் முடிந்ததும் எடுத்துவிடுவார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, லிமிட். இரண்டு கார்டு இருக்கிறது: ஒன்றில் 8,000 லிமிட், 6,000 பாக்கி, இன்னொன்றில் 4,000 லிமிட், பாக்கி இல்லை. மொத்த விகிதம் 50 சதவீதம். திட்டத்தில் சேர்ந்ததும் பேங்க் முதல் கார்டின் லிமிட்டைப் பாக்கி அளவுக்கே, 6,000-க்கு இறக்கினால் அந்தக் கார்டில் 100 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் ஆகிவிடும். ஸ்கோர் இறங்கும். ஆனால் இது முன்பு சொன்ன கீறல் வகை. பாக்கி குறையக் குறைய ஆறும். கார்டு மூடப்பட்டாலும் அதன் நல்ல வரலாறு உடனே மறைந்துவிடாது. ஒழுங்காகக் கட்டி முடித்த மூடிய கணக்கு பத்து ஆண்டு வரை ரிப்போர்ட்டில் இருக்கும். அதுவரை அதன் வயதையும் ஃபைகோ எண்ணும்.

இதில் வீட்டில் யாரும் யோசிக்காத ஒருவர் உண்டு. எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ உங்கள் கார்டில் கூடுதல் பயனராக இருப்பார். அவருடைய மொத்தக் கடன் வரலாறும் அந்த ஒரு கார்டாகவே இருக்கலாம். உங்கள் தாமதம் அவர் ரிப்போர்ட்டிலும் விழக்கூடும். கூடுதல் பயனருக்குக் கடனைக் கட்டும் பொறுப்பு கிடையாது. தன் பெயரை எடுக்கச் சொல்லி அவரே கேட்கலாம். கணக்கு கரண்ட் ஆக இருக்கும்வரை அவசரப்பட வேண்டாம். தாமதம் நிச்சயம் என்று தெரிந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இடையில் ஒன்று. "2020-ல் நான் மூன்று மாதம் கட்டவே இல்லை, ஸ்கோருக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம். கொரோனா காலத்து கேர்ஸ் சட்டம், சலுகை கொடுத்த கடன் கரண்ட் ஆக இருந்தால் கரண்ட் என்றே ரிப்போர்ட் செய்யவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அந்தக் காலவரம்பு 2023-ல் முடிந்துவிட்டது. இன்று அந்தப் பாதுகாப்பு தானாக வராது, நீங்கள்தான் பேசி வாங்க வேண்டும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

கடன் மேலாண்மைத் திட்டம் என்பது ஹார்ட்ஷிப் திட்டத்தின் நெருங்கிய சொந்தம். லாப நோக்கமற்ற ஆலோசனை அமைப்பு ஒன்று உங்கள் எல்லாக் கார்டு நிறுவனங்களோடும் பேசி வட்டியைக் குறைத்து, மாதம் ஒரே தொகையாக உங்களிடம் வாங்கிப் பிரித்துக் கட்டும். மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. மாதக் கட்டணம் சிறியதாக ஒன்று உண்டு. ஐந்து கார்டுக்கு ஐந்து பேங்கோடு தனித்தனியாகப் போராடத் தெம்பில்லாதவருக்கு இது அருமையான வழி. ஸ்கோரில் விளைவும் ஏறக்குறைய ஒன்றுதான்: கார்டுகள் மூடப்படும், விகிதம் ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். நல்ல அமைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கார்டு ஸ்டேட்மெண்டிலேயே, மினிமம் மட்டும் கட்டினால் எத்தனை ஆண்டாகும் என்று எச்சரிக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், கடன் ஆலோசனைக்கான இலவச எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2009 கார்ட் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது.

பாக்கியைக் குறைந்த வட்டியுள்ள வேறு கார்டுக்கு மாற்றும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், பர்சனல் லோன் இரண்டும் ஸ்கோருக்கு மிகக் குறைந்த சேதம் தருபவை. புதிய கடனுக்கு விண்ணப்பித்ததற்கான விசாரணைப் பதிவு ஒன்று விழும், இரண்டு ஆண்டில் மறையும். கார்டுப் பாக்கி லோனாக மாறினால் விகிதம் இறங்கி ஸ்கோர் ஏறக்கூட செய்யும். ஆனால் இவை வருமானம் இருப்பவருக்கானவை. 6,000 டாலரைச் சுழிய வட்டிக் கார்டுக்கு மாற்றினால் 3 முதல் 5 சதவீதம் கட்டணம். 5 சதவீதம் என்றால் 6,300 ஆகும். 18 மாதச் சலுகைக்குள் தீர்க்க மாதம் 350 டாலர் வேண்டும். 150-க்கே திணறுபவருக்கு இது வழியல்ல. வேலை போன பிறகு விண்ணப்பித்தால் கிடைப்பதும் கடினம். வேலை ஆட்டம் காண்கிறது என்று தோன்றும்போதே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே செய்தால்தான் உண்டு.

செட்டில்மெண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் இதைத்தான் "கடன் நிவாரணம்" என்று விற்கிறார்கள். 6,000 கடனை 3,000-க்கு முடித்துத் தருகிறோம் என்பார்கள். முதலில் பேங்குக்குக் கட்டுவதை நிறுத்தச் சொல்வார்கள், அல்லது நிறுத்தும்படி ஆகிவிடும். ஒழுங்காகக் கட்டுபவருக்கு எந்த பேங்கும் தள்ளுபடி தராது. ஆறு மாதம் நிறுத்தினால் வட்டியும் லேட் ஃபீயும் சேர்ந்து 6,000 என்பது 7,000-ஐத் தொடும். அதில் பாதிக்கு முடிந்தால் 3,500. நிறுவனத்தின் கட்டணம், சேரும்போது இருந்த 6,000 கடனில் 20 சதவீதம் என்றால் 1,200. தள்ளுபடியான 3,500 டாலரை வருமானவரித் துறை உங்கள் வருமானமாக எண்ணும். 600 டாலரைத் தாண்டினாலே பேங்க் 1099-சி படிவம் அனுப்பும். 12 சதவீத வரி என்றால் 420. ஆக மொத்தம் 5,120. ஹார்ட்ஷிப் திட்டத்தின் 6,700-ஓடு ஒப்பிட்டால் 1,600 டாலர் குறைவு. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 1,600-க்காக ஆறு தாமதப் பதிவு, சார்ஜ் ஆஃப், முழுத் தொகைக்குக் குறைவாகத் தீர்க்கப்பட்டது என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஏழு ஆண்டு சுமக்க வேண்டும். இடையில் பேங்க் வழக்குப் போடலாம். தீர்ப்பு வந்தால் பல மாநிலங்களில் சம்பளத்தில் பிடிக்கலாம், கூட்டரசு வரம்பு கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை. டெக்சஸ், வட கரோலினா போன்ற சில மாநிலங்கள் சாதாரணக் கார்டுக் கடனுக்கு அதை அனுமதிப்பதில்லை.

செட்டில்மெண்ட் நிறுவனம் போனில் பேசி உங்களைச் சேர்த்துக்கொண்டால், ஒரு கடனையாவது முடித்து, அதற்கு நீங்கள் ஒரு தவணையாவது கட்டுவதற்கு முன் கட்டணம் வாங்குவது 2010 முதல் சட்டவிரோதம். முன்பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். கணக்கு ஏற்கெனவே சார்ஜ் ஆஃப் ஆகிவிட்டது, கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் மட்டும் செட்டில்மெண்ட் நியாயமான வழி. அப்போதும் நிறுவனம் தேவையில்லை, நீங்களே பேசலாம். சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தால் தள்ளுபடித் தொகைக்கு வரிவிலக்குக் கேட்க 982-ஆம் படிவம் இருக்கிறது.

திவால் நடவடிக்கையை அவமானமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. தவணைத் திட்டம் இல்லாமல் கார்டு போன்ற கடன்களைத் தள்ளுபடி செய்யும் அத்தியாயம் 7 வகைத் திவால் பத்து ஆண்டு ரிப்போர்ட்டில் நிற்கும். மூன்று முதல் ஐந்து ஆண்டு கட்டும் அத்தியாயம் 13-ஐ பீரோக்கள் ஏழு ஆண்டில் எடுக்கின்றன. நீண்ட தழும்புதான். ஆனால் மருத்துவக் கடனும் கார்டும் சேர்ந்து, வட்டியைச் சுழியமாக்கினாலும் 60 மாதத்தில் தீராத தொகை என்றால், ஹார்ட்ஷிப் திட்டத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டு போராடி முறிந்து, பிறகு திவாலுக்குப் போவது இரட்டை நஷ்டம். அந்த நிலையில் வக்கீலை முதலிலேயே பார்ப்பதுதான் விவேகம்.

யாருக்கு எது

இன்னும் தவறவில்லை, வருமானம் சில மாதத்தில் திரும்பும் என்றால் குறுகிய கால ஹார்ட்ஷிப் திட்டம். தவறவில்லை, வருமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்றால் நீண்டகாலத் திட்டம். கார்டுகள் நாலைந்து இருந்தால் ஆலோசனை அமைப்பு. இரண்டு மூன்று தவணை ஏற்கெனவே தவறியிருந்தால் அப்போதும் ஹார்ட்ஷிப் திட்டம்தான், ரீ-ஏஜிங் கேட்டு. அடுத்த படிக்கு ஏறாமல் நிறுத்துவதே அங்கே லாபம். 60 நாள் தாமதத்துக்கும் சார்ஜ் ஆஃபுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

ஒன்றிரண்டு வருடத்துக்குள் வீடு வாங்க நினைப்பவருக்கு மட்டும் வேறு மாதிரிச் சொல்வேன். மினிமத்தை எப்படியாவது கட்ட முடிகிறது என்றால், கார்டை மூடவைக்கும் திட்டத்தில் அவசரமாகச் சேர வேண்டாம். வட்டியை மட்டும் குறைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

எச்-1பி விசாவில் வேலை இழந்தவருக்கு, வேறு வேலை தேடிக்கொள்ள 60 நாள் அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும். மனம் முழுக்க அடுத்த ஸ்பான்ஸர் மீது இருக்கும். அந்த 60 நாளுக்குள் கார்டில் 30 நாள் தாமதம் விழ நேரம் தாராளமாக இருக்கிறது. ஆகவே வேலை போன முதல் வாரத்திலேயே, இன்னும் எல்லாம் கரண்ட் ஆக இருக்கும்போதே பேங்கைக் கூப்பிடுங்கள். ஊருக்குத் திரும்ப நேர்ந்தாலும் கடன் இங்கே காத்திருக்கும், திரும்பி வரும் எண்ணம் இருந்தால் ரிப்போர்ட்டும் காத்திருக்கும்.

போனில் கேட்க வேண்டியவை

வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுப்பவருக்கு இதற்கான அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. ஹார்ட்ஷிப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். கூப்பிடும் முன் மாத வருமானம், அவசியச் செலவு, மிச்சம் இவ்வளவு என்று தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாக ஒத்துக்கொண்டுவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் திட்டம் முறியும். மறுபடி கிடைப்பது கடினம். ஒரு 20 டாலராவது குறைத்துச் சொல்வதே மேல்.

பிறகு இவற்றைக் கேளுங்கள்: நான் சொல்லும் தொகையே என் மினிமம் ஆகுமா? கட்டும்வரை பீரோக்களுக்குக் கரண்ட் என்று போகுமா? ரிப்போர்ட்டில் குறிப்பு ஏதும் சேர்ப்பீர்களா? கார்டை முடக்குவீர்களா, மூடுவீர்களா, லிமிட்டைக் குறைப்பீர்களா? தவறிய தவணைகள் இருந்தால், மூன்று தவணை கட்டியதும் ரீ-ஏஜ் செய்வீர்களா? வட்டி எவ்வளவு, எந்தத் தேதிவரை? பேசியவர் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கடிதமோ மின்னஞ்சலோ வரும்வரை விடாதீர்கள். எழுத்தில் வந்த பிறகு அந்தத் தொகைக்கு ஆட்டோபே போட்டுவிடுங்கள். பழைய ஆட்டோபே வேறு தொகைக்கு இருந்தால் அதை நிறுத்தவும் மறக்க வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று பீரோவின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை இலவசம்தான். கரண்ட் என்று சொன்ன கணக்கில் தாமதம் விழுந்திருந்தால், அந்தக் கடிதத்தின் நகலை இணைத்து, பீரோவுக்கும் பேங்குக்கும் ஒரே நாளில் ஆட்சேபம் அனுப்புங்கள். பீரோ அதைப் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்லியாக வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி.யிடம் இணையத்திலேயே புகார் பதியலாம். அப்போதும் கையில் இருக்க வேண்டியது அந்தக் கடிதம்தான்.